படுக்க ஓர் இடம்

குருக்கள்மடம்
11.11.2007

தங்கச்சி இராசாத்திக்கு,

அண்ணன் கனகசிங்கம் எழுதுவது. சுகமாயிருக்கிறேன் என்று தொடங்குவது முறை, முறைக்கு எழுதிவிட்டேன். நீயும் யோகராசா மச்சானும் அக்கராயனில் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ புரட்டாதியில் போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. ஓரத்தை வெட்டிப் பிறகு ஒட்டியிருக்கிறார்கள். வழியில் பிரித்துப் படிக்கிறவர் யாராயிருந்தாலும் நெல் விலையையும் என் வருத்தத்தையும் தவிர இதில் அவருக்கு ஒன்றும் அகப்படாது.

வருத்தம் என்னவென்றால் நித்திரை இல்லை. உன் மச்சி இரத்தினம்மாவைக் கடல் கொண்டுபோய் வருகிற மார்கழியோடு மூன்று வருஷம். முதல் வருஷம் இந்தக் கரையில் யாருக்கும் நித்திரை இல்லை, அதனால் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஊர் தூங்கத் தொடங்கிவிட்டது. நான் மட்டும் தொடங்கவில்லை. இப்போது தராசுக்கு முன்னால் நின்றபடியே கண் மூடுகிறது. அன்றைக்குப் படுவான்கரைக்கு நெல் பார்க்கப் போகையில், வாவியைக் கடக்கிற பாதைப் படகின் விளிம்பிலேயே தூங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற மீன்காரி சாறனைப் பிடித்து இழுத்தாள். "விழுந்திருந்தா நண்டுகளுக்குக் கொண்டாட்டம், முதலாளி" என்றாள். பாதையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்தக் கதை எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மூத்தவள் கம்சாயினி கையைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, பெயர் ஸஹீதா, ஓட்டமாவடி ஆள். நம் இளையவள் ஆர்த்திகாவின் வயதுதான் இருக்கும்.

"நித்திரை எப்ப இருந்து இல்ல, ஐயா?"

"கொஞ்ச நாளாத்தான் மகள்."

"எங்க படுக்கிறீங்க?"

"தனி அறை. கட்டில், மெத்தை, காத்தாடி, எல்லாம் இரிக்கு."

பக்கத்தில் இருந்த கம்சாயினி தன் கைப்பையின் வாரை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"பகல்ல படுக்கிறதா?"

"சோறு திண்டுட்டு கடைக்குள்ள மூட்டைக்கு மேல சொட்டு நேரம் சாயுவன்."

"அத நிப்பாட்டுங்க. பகல்ல தூங்கினா ராவைக்கு வராது. பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் வேணாம்."

நித்திரைக்குக் குளிசை எழுதித் தந்தாள். வியாபாரத்தில் என் சட்டம் உனக்குத் தெரியும்: தேவையை முகத்தில் காட்டினால் விலை ஏறும். ஆகவே உள்ளதில் கால்வாசிதான் சொன்னேன். பார்ப்போம்.

மச்சானுக்கு என் அன்பு.

அண்ணன்
கனகசிங்கம்


அக்கராயன்
19.12.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அங்கே மகள்மாரும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நல்ல மழை. அவர் உழவு மெஷின்களைத் திருத்துகிற கொட்டில் ஒழுகுகிறது, ஆனால் வேலை இருக்கிறது. டீசல் இல்லாத ஊரில் எதையெதையோ ஊற்றி ஓடவைக்கிறார். உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் மணம்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மச்சான் டொக்டரையும் கடிச்சு ஈரம் பாத்திருப்பார்" என்று சிரிக்கிறார். நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து நீங்கள் விலை சொல்வதை அறுவடைக்கு வந்த காலத்தில் பார்த்தவரல்லவா.

நான் சிரிக்கவில்லை. கால்வாசி சொன்னால் கால்வாசிதானே சுகம் வரும். இன்னொன்றும் கேட்க வேண்டும். தனி அறை என்று டொக்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள். எந்த அறை? கம்சாயினி இருக்கிற வீடு எனக்குத் தெரியாததா? மச்சியின் சீதன வீடு, மகளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது. இரண்டே அறை. ஒன்றில் அவளும் மருமகனும், மற்றதில் மூன்று பிள்ளைகள். கடலுக்குப் பிறகு நிவாரணத்தில் ஆர்த்திகாவுக்குக் கட்டிக் கொடுத்த வீடு அதைவிடச் சிறியது என்று நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள்.

பதில் போடுங்கள். அவர் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புத் தங்கச்சி
இராசாத்தி


குருக்கள்மடம்
24.02.2008

இராசாத்திக்கு,

நானும் மக்களும் நலமே. உங்கள் நலத்துக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், அதை நிறைவேற்ற நீங்கள் இருவரும் வந்தாக வேண்டும்.

அறுவடை தொடங்கிவிட்டது. இந்த முறை என் பெயர் படுவான்கரை முழுக்க அடிபடுகிறது, நல்லதுக்கல்ல. சொல்கிறேன், மச்சானுக்கும் வாசித்துக் காட்டு.

டொக்டர் ஒரு குளிசை போடச் சொன்னாள். நான் பாதியாக உடைத்தேன். உலகத்தில் எவரும் முதலில் சொல்வது கடைசி விலை இல்லை, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். பகல் படுக்கையை மட்டும் சொன்ன மாதிரியே நிறுத்தினேன், அதற்குக் காசு செலவில்லை. அடுத்த முறை போனபோது "இன்னும் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எழுதின மாதிரித்தான் டொக்டர், அப்பா போடுறாங்க" என்று கம்சாயினி சத்தியம் பண்ணாத குறை. பாவம், அவள் கண்டாளா? டொக்டர் கூட்டி எழுதினாள். நான் அதையும் பாதியாக்கினேன். இப்படியே இரண்டு பேரும் விலை பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குத்தான் அது தெரியாது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் முழுதாகப் போட்டுவிட்டு அடுத்த நாள் விடியவே வயல்வட்டைக்குப் போனேன். வாய்க்குள் நாக்கு பஞ்சு மாதிரி. நெல்லை எடுத்துக் கடித்தேன், பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை. நெல்லுக்குச் சொந்தக்காரன் நல்லவன். "அண்ணன், சொட்டு ஈரம் இரிக்கும். ரெண்டு வெயில் காயவிட்டுத் தரட்டா?" என்று அவனே கேட்டான். "எனக்கு நீ படிப்பிக்காத" என்று சொல்லி லொறியில் ஏற்றினேன். ஐந்தாறு நாளில் மூட்டைக்குள் கையை விட்டால் சோற்றுப் பானைக்குள் விட்ட மாதிரிச் சூடு. பிறகு முளைகட்டிவிட்டது. ஒரு சைக்கிளும் இரண்டு சாக்குமாகத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி நான் ஏமாந்ததில்லை. இந்த முறை ஏமாற்ற ஒருவருமே இல்லாமல் ஏமாந்தேன். கல்முனை மில்காரன் கோழித்தீனுக்குக் கேட்கிறான். கேட்கிறபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்கிறான், அது விலையைவிட வலிக்கிறது.

இப்படி இன்னொரு போகம் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

அறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடிதம் நீண்டுவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


அக்கராயன்
30.03.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிந்தது ஆறுதல்.

ஈரநெல் கதையை வாசித்தபோது அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். எழும்பிப் போய்விட்டார். பிறகு வந்து, "மச்சானை அந்தக் குளிசையோட மெஷின் ஒண்டையும் ஓட்டவேண்டாம் எண்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இங்கே அவர் வளவில் ஆளுயரத்துக்குக் கிடங்கு வெட்டுகிறார். மரவள்ளி வைக்க என்று சொல்லிக்கொள்கிறோம். பக்கத்து வளவுகளிலும் அதே மரவள்ளிதான்.

அண்ணன், கடிதம் நீளவில்லை. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எங்கே படுக்கிறீர்கள்?

தங்கச்சி
இராசாத்தி


குருக்கள்மடம்
27.04.2008

தங்கச்சிக்கு,

எங்கள் சுகம் வழமைபோல. மரவள்ளிக் கிடங்கை ஆழமாகவே வெட்டச் சொல்.

நீ கேட்டதை டொக்டர் ஸஹீதாவும் கேட்டுவிட்டாள். இந்த முறை கம்சாயினியை மருந்துச் சாளரத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "மகள் போயிட்டா. இப்ப சொல்லுங்க, குளிசையைப் பாதியா உடைச்சீங்களா?"

"அது எப்படித் தெரியும்?"

"எங்கட வாப்பாவும் வியாபாரிதான், ஐயா. அவருக்கும் மருந்து குடுத்திரிக்கன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பொய் சொல்வது கஷ்டம். ஆகவே சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

பூரணைக்குப் பூரணை, போயா தினத்தில் ஒரு பையைத் தூக்குகிறேன். ஒரு மாதம் மூத்தவள் வீடு, ஒரு மாதம் இளையவள் வீடு. இரண்டு பிள்ளைகளும் ஒரு வார்த்தையாலும் என் முகம் கோண வைத்ததில்லை. சோறு, வெந்நீர், துவைத்த சாறன், எல்லாம் நேரத்துக்கு வரும். படுக்கை மண்டபத்தில், டிவிக்கு முன்னால். மூத்த மருமகன் உதயரூபன் வந்தாறுமூலைக் கம்பஸில் எழுதுவினைஞர், தங்கமான மனுஷன். நான் மண்டபத்தில் இருந்தால் மரியாதைக்காக அவர் உள்ளே வரமாட்டார், குசினிப் பக்கம் நின்று சாப்பிடுவார். அவர் வந்து இருக்கட்டும் என்று நான் கடையை விட்டு வரமாட்டேன். அவர் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து தன் வீட்டிலேயே எனக்காக ஒளிக்கிறார், நான் அவருக்காகக் கடையில் ஒளிக்கிறேன். கடைசியில் பாயைப் போட்டால் பேத்தி தண்ணீர் குடிக்க என்னைத் தாண்டிப் போவாள், குழந்தை அழும், மகள் காலடி கேட்கும். அவர்கள் என்னை எழுப்பக்கூடாதென்று பதுங்கிப் பதுங்கி நடப்பார்கள். அந்தப் பதுங்கல்தான் என்னை எழுப்பும். ஆர்த்திகா வீட்டில் மண்டபம்கூட இல்லை.

கடை மூட்டையில் பகலில் சாய்ந்தால் செத்த மாதிரித் தூக்கம். அதைத்தான் அந்தப் பிள்ளை முதலில் நிறுத்தினாள், நான் சொன்ன தனி அறையை நம்பி.

"அப்ப ராவைக்கும் கடையிலயே படுங்களேன்" என்றாள்.

"படுத்தா ஊர் என்ன சொல்லும் மகள்? ரெண்டு புள்ளைகளும் அப்பனைத் துரத்திட்டாளுகள் எண்டு சொல்லும். வாய்க்கும் வயித்துக்கும் பாக்கிற புள்ளைகளுக்கு நான் அந்தப் பேரை வாங்கிக் குடுக்கிறதா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "எங்கட ஆக்களும் இப்பிடித்தானே, ஐயா. வீடெல்லாம் பொம்புளப் புள்ளைக்கு." மருந்துத் துண்டை ஓரமாகத் தள்ளினாள். "உங்களுக்கு வேண்டிய மருந்து என்னட்ட இல்ல. உங்களுக்கு ஒரு கதவு வேணும். உள்ளுக்கு நிண்டு நீங்க பூட்டுற கதவு."

"அதை எந்தப் பாமசியில வாங்கிறது?"

"வியாபாரி நீங்கதானே."

குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், ஆனால் நீங்களாக உடைக்கக் கூடாது என்று கட்டளை. சம்மதித்தேன்.

எங்கள் பக்கத்து ஆணுக்கு வீடேது, இராசாத்தி? பிறந்த வீடு அக்காவுக்குப் போனது. வாழ்ந்த வீடு பெண்சாதியுடையது. கட்டின வீடு மகளுக்கு. இரத்தினம்மா இருக்கும்வரை இது எனக்குத் தோன்றவேயில்லை, அவள் இருந்த இடமெல்லாம் எனக்கு வீடாக இருந்தது. இப்போது கடைக்குப் பின்னால், வாவிப் பக்கம், ஒரு துண்டு வளவு விலைக்கு வந்திருக்கிறது. ஓர் அறை, ஒரு சிறு குசினி. கொத்தனிடம் சொல்லிவிட்டேன்.

மச்சான் என்ன சொல்கிறார் என்று எழுது.

அண்ணன்


குருக்கள்மடம்
13.07.2008

தங்கச்சிக்கு,

உன் பதில் வரவில்லை. தபால் அப்படி என்று தெரியும், ஆனாலும் தபாற்காரனின் மணிக்கு எழும்பிப் பார்க்கிறேன். இருவரும் சுகம் என்று ஒரு வரி போடு, போதும்.

இங்கே நடந்ததைக் கேள். அத்திவாரம் போட்ட மறு கிழமை கடைக்கு வினாயகமூர்த்தி வந்தான், செட்டிபாளையத்துக் கல்யாணத் தரகன். நெல் வாங்க வந்த மாதிரி நெல்லை அளைந்துகொண்டு நின்றான்.

"அண்ணன், வீடு எழும்புது எண்டு கேள்வி."

"எழும்புது."

"ஆருக்கு?"

"எனக்கு."

"அதத்தானே நானும் சொல்லுறன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தான். "பொம்புளைக்கு ஊர் களுதாவளை. நாப்பத்தஞ்சுதான். வீடு இல்லாத குறை ஒண்டுதான், அதைத்தான் நீங்க முன்னுக்கே முடிச்சிட்டீங்களே. கெட்டிக்காரன் அண்ணன் நீங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீடு என்றால் ஊருக்குப் பெண். பெண் இல்லாமல் ஒரு வீடு எழும்புமா? நான் கல்லும் மண்ணும் கணக்குப் பார்த்தேனே தவிர இதைப் பார்க்கவில்லை. நெல்லில் ஏமாந்தது போதாதென்று இதிலும் ஏமாந்தேன். நல்ல முழிப்போடு.

ஆர்த்திகா கடைக்கு வந்தாள். ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "அம்மா போய் நாலு வருசம் முடியல்ல. ஆள் ஆரு எண்டு மட்டும் சொல்லுங்க அப்பா, மறுகா நான் ஒண்டும் கேக்கல்ல."

"ஆள் நான்தான் மகள்" என்றேன். அவள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு கம்சாயினி வீட்டுச் சாப்பாட்டுக் கரியரும் நின்றுவிட்டது. கரியர் வராத முதல் நாள், பிள்ளைக்கு ஏதோ காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு பின்னேரம்வரை பசியோடு பார்த்திருந்தேன். இப்போது சந்திக் கடைச் சாப்பாடு. போயா வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஆர்த்திகா வீட்டுக்குப் போனேன். பாயைப் போட்டாள். போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லலாமே என்பாய். "உங்கட வீட்டில எனக்கு நித்திரை வராது" என்று எந்த வாயால் சொல்வது? அது துரத்திவிட்டார்கள் என்பதைவிட மோசம்.

சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கிறது. கொத்தனை நிறுத்திவிட்டேன். நித்திரை பழையபடி. அந்தச் சுவருக்காகப் பிள்ளைகளை விடவா, பிள்ளைகளுக்காகச் சுவரை விடவா என்றால் எனக்கு விடை தெரியும். தெரிந்ததால்தான் கொத்தனுக்கு இன்னும் கூலி முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


தருமபுரம்
22.08.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

முகவரி மாறியிருக்கிறது, கவனிக்கவும். உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாக, பழைய இடத்துக்குப் போய்த் திரும்பி இங்கே வந்தன. நாங்கள் சுகம். அக்கராயன் வீட்டின் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

களுதாவளைப் பெண் அழகா? இதைக் கேட்கச் சொன்னது அவர்.

அண்ணன், சுவரை விடவேண்டாம். வளவுக்கு உறுதிப் பத்திரம் முடித்துவிட்டீர்களா? முடிக்கவில்லை என்றால் என் பேரில் முடியுங்கள். அம்மாவின் வீடு அக்காவுக்குப் போனது, எனக்கென்று ஒன்று கட்ட முன்னர் நான் இவரோடு வந்துவிட்டேன். இது ஊருக்கே தெரியும். கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் வீடு கட்டினால் யார் என்ன சொல்வார்கள்? வீட்டுக்கு ஒரு பெண் வேண்டும் என்றால் என் பெயர் இருக்கட்டும். ஊர் வாய் மூடும், பிள்ளைகள் மனம் ஆறும், நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கலாம். நான் ஒருநாளும் வந்து கேட்க மாட்டேன்.

அவர் வேலையாக வெளியே போயிருக்கிறார். வந்ததும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவேன்.

போடுவதற்கு ஆள் வந்துவிட்டது. காட்டவில்லை.

இராசாத்தி


குருக்கள்மடம்
05.10.2008

என் தங்கச்சிக்கு,

புது முகவரிக்குப் போடுகிறேன், இது உங்களை எந்தக் குறையுமில்லாமல் வந்து காணட்டும்.

நான் நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன். நீ அக்கராயனில் கோழி வளர்த்தவள். என்னைவிடப் பெரிய வியாபாரி நீதான்.

வளவுக்கு முன்பணம் மட்டும்தான் கொடுத்திருந்தேன். நொத்தாரிசிடம் போய் உறுதியை உன் பேரில் முடித்தேன். கடையில் ஆள் நிறைந்த நேரம் பார்த்து, கொத்தனிடம் உரத்துச் சொன்னேன்: "தங்கச்சி வந்தா இரிக்கிற வீடு, சுவரைச் சரியாக் கட்டு." அடுத்த நாள் ஊர் முழுக்க வேறு கதை. கனகசிங்கம் கூடப்பிறந்தவளை மறக்காத மனுஷன் என்கிறார்கள். வினாயகமூர்த்தி மட்டும் படத்தைத் திருப்பி வாங்க வந்தபோது என்னை இரக்கமாகப் பார்த்தான்.

ஆர்த்திகா வந்தாள். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமிக்கு எண்டு அப்பவே சொல்லுறதுக்கென்ன?" என்று அழுதாள். பால் காய்ச்சியது அவள்தான். கம்சாயினி கரியரோடு வந்தாள், உதயரூபன் வயர் இழுத்து மின்குமிழ் போட்டார். எல்லாம் முடிந்ததும் கம்சாயினியே, "மாமி வரும் வரைக்கும் வீடு சும்மா கிடக்கலாமா? அப்பா காவலுக்குப் படுங்களேன்" என்றாள். ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தேன், தங்கச்சி. கண் விழித்தபோது வெயில் ஏறிவிட்டது, கொத்தன் வெளியே நின்று கதவைத் தட்டுகிறான், உள்ளே ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

டொக்டரிடம் போனேன், இந்த முறை தனியாக. குளிசை முழுதாக நின்றுவிட்டது. "ஆருட பேர்ல வீடு?" என்று கேட்டாள். சொன்னேன். "உங்கட தங்கச்சியை ஒருக்கா எனக்குக் காட்டுங்க" என்றாள்.

மச்சானுக்குக் காட்டினாயா? என்ன சொன்னார்?

அண்ணன்


குருக்கள்மடம்
18.01.2009

இராசாத்திக்கு,

நீயும் மச்சானும் இருக்கிற இடத்தில் சுகமாய் இருக்க வேண்டும். வேறு வாசகம் வரவில்லை.

முந்திய கடிதம் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்குத் தபால் எடுப்பதில்லை என்று தபாற்கந்தோரில் சொல்கிறார்கள். செஞ்சிலுவைக்காரர் மூலம் போகலாம் என்று ஒருவர் சொன்னார், அதையும் இதையும் சேர்த்து அவர்களிடம் கொடுக்கிறேன். வாங்கினவர் போய்ச் சேரும் என்று சொல்லவில்லை.

கடையில் வானொலி ஓடுகிறது. பிடிபட்ட ஊர்களின் பெயர்களாகச் சொல்கிறார்கள். தருமபுரம் சொன்ன அன்று கம்சாயினி வந்து வானொலியை மூடிவிட்டுப் போனாள். அவள் போனதும் திறந்தேன்.

எனக்கு நித்திரை வருகிறது. இதை உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் உனக்குப் பொய் எழுதி என்ன காணப்போகிறேன். உன் வீட்டில், உன் பேரில், நன்றாக வருகிறது. எழும்பியதும்தான் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வரி போதும்.

அண்ணன்


வவுனியா
நிவாரண முகாம்
14.06.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் மகள்மாரும் பேரப்பிள்ளைகளும் சுகமென்று நம்பி எழுதுகிறேன்.

தருமபுரத்தில் கிடைத்த இரண்டுக்குப் பிறகு உங்கள் கடிதம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை, எழுதியிருப்பீர்கள் என்று தெரியும். கால் காயம் ஆறிவிட்டது. இங்கே கூடாரத்தில் ஒருவர் காலடியில் ஒருவர் தலை வைத்துப் படுக்கிறோம். தண்ணீருக்கு வரிசை. பக்கத்தில் இருக்கிற பிள்ளை பேனா தந்தது, அவசரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கிழக்கு மாகாணத்தாரை முதலில் விடப்போகிறார்கள் என்று பதிகிறார்கள். மட்டக்களப்பில் போய் இருக்க வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, என் பேரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அது உறுதி முடிந்ததோ என்றுகூட எனக்குத் தெரியாது. முடிந்திருந்தாலும் ஊர் வாயை மூடத்தானே. அந்த அறை உங்களுக்கு நித்திரைக்கு.

ஒருநாளும் வந்து கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன், அண்ணன். இப்போது கேட்கிறேன்.

இராசாத்தி


குருக்கள்மடம்
29.06.2009

என் தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதே எங்கள் எல்லோருக்கும் சுகம். ஆர்த்திகா கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு அக்காவிடம் ஓடினாள்.

உறுதியின் பிரதி இத்துடன் இருக்கிறது. கிராம சேவகரின் கடிதமும் வைத்திருக்கிறேன், முத்திரை குத்தியது. பதிகிறவர்களிடம் இரண்டையும் காட்டு. வீடு உன்னுடையது. நீ கேட்கத் தேவையே இல்லை.

ஆனால் அறை ஒன்றுதான். அதை உனக்கு விட்டுவிட்டு நான் பழையபடி பையைத் தூக்குவேன் என்று எழுதினால் நீ வரமாட்டாய், எனக்கும் அது முடியாது. ஆகவே நேற்றே கொத்தனைக் கூப்பிட்டேன். வாவிப் பக்கச் சுவரில் ஒரு கதவை வெட்டி அதற்கப்பால் இன்னோர் அறை. உன் பூட்டுக்கு வேறு திறப்பு, என் பூட்டுக்கு வேறு திறப்பு. குசினி நடுவில். உதயரூபன் லீவு போட்டுவிட்டு மண் சுமக்கிறார், அவரை இப்போதுதான் நான் சாறனை மடித்துக் கட்டியபடி பார்க்கிறேன். டொக்டர் ஸஹீதாவுக்கும் சொன்னேன். "வந்து நாலு நாள் போகட்டும், மறுகா கூட்டி வாங்க. கூட்டி வந்தா கதவுக்கு வெளியில நீங்க நில்லுங்க" என்றாள்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நான் என்று எழுதியிருக்கிறாய். முன்பெல்லாம் நாங்கள் என்றுதான் தொடங்குவாய். வேறொன்றும் நான் கேட்கவில்லை. எங்கே படுக்கிறேன் என்று நீ கேட்டபோது நானும் உடனே சொல்லவில்லை, நீ பொறுத்திருந்தாய்.

ஆனால் தச்சன் மரம் வாங்கப் போகிறான். உன் அறைக்கு இரட்டைக் கட்டிலா, ஒற்றைக் கட்டிலா என்று கேட்கிறான். அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதை மட்டும் எழுது.

அண்ணன்
கனகசிங்கம்


வவுனியா
நிவாரண முகாம்
20.07.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரதியும் கடிதமும் கிடைத்தன. காட்டினேன், பதிந்துகொண்டார்கள். அடுத்த மாதம் பஸ் ஏற்றுவார்கள் என்கிறார்கள்; எந்த நாள் என்று தெரியாது, நீங்கள் சந்தியில் வந்து காத்து நிற்கவேண்டாம். எனக்கு வழி தெரியும்.

கம்சாயினியையும் ஆர்த்திகாவையும் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மருமகனை மண் சுமக்க விடவேண்டாம், பாவம்.

தச்சனுக்கு ஒற்றைக் கட்டில் என்று சொல்லுங்கள்.

தங்கச்சி
இராசாத்தி